ஊரே திருத்தமாகப் பேசிய நவம்பர்

வெர்லாக், அக்டோபர் 14

மேயர் எவாரிஸ்த் லாப்ரூன் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகத்துக்கும் என் கிளினிக்குக்கும் நடுவே ஒரு சதுக்கமும் போர் நினைவுத்தூணும்தான் இருக்கின்றன. நடந்து வந்தே பேசிவிடலாம். ஆனால் நான் சொல்வது உங்களுக்குப் புரிகிறது, நீங்கள் சொல்வது எனக்குப் புரிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ருமேனியாவில் பன்னிரண்டு வயதிலிருந்து பிரெஞ்சு படித்தவள் நான். தலையணை மாதிரி தடித்த நாவல்களைப் படித்திருக்கிறேன். மருத்துவத் தேர்வைப் பிரெஞ்சிலேயே எழுதித் தேறினேன். இங்கே வந்து ஆறு வாரம் ஆகிறது. இந்த ஊரில் பேசுவது நான் படித்த மொழிதானா என்று சந்தேகமாக இருக்கிறது. 'எனக்குத் தெரியாது' என்பதை நான்கு சொற்களில் சொல்லப் படித்தேன். இங்கே அது ஒரு தும்மல்: 'ஷேபா'. 'இல்லை' என்று சொல்ல இரண்டு துண்டுகள் வேண்டும் என்று என் ஆசிரியை அடித்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் துண்டை இந்த ஊரில் இன்னும் ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை.

போன வாரம் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் 'ஷ்விபாபியேன்' என்றார். அவர் பெயர் என்று நினைத்து மருந்துச்சீட்டில் அதையே எழுதிக் கொடுத்தேன். 'உடம்பு சரியில்லை' என்று சொன்னாராம். மருந்துக்கடையில் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டதாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரில் தவறினால் சிரிக்கலாம், நோயில் தவறினால் என்ன செய்வது?

நேற்று நீங்கள் வந்து என் வாசற்படியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பேசினீர்கள். எல்லாவற்றையும் மீசைக்குள்ளேயே பேசினீர்கள். நானும் சிரித்து, 'நல்லது, நல்லது' என்று இரண்டு மூன்று இடத்தில் சொல்லிவைத்தேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். இனி எதுவானாலும் எழுத்திலேயே தெரிவியுங்கள்.

என் பரீட்சார்த்தக் காலம் ஜனவரியோடு முடிகிறது. இப்படியே போனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குத் திரும்பிவிடுவேன். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ருக்ஸாந்த்ரா பவெலெஸ்கு

•

வெர்லாக், அக்டோபர் 16

டாக்டர் அவர்களுக்கு,

எழுத்தில் வேண்டும் என்றீர்கள். இதோ, காற்புள்ளி அரைப்புள்ளியோடு எழுத்தில்.

நாங்கள் வார்த்தையை விழுங்குகிறோமாம். விழுங்காமல் என்ன செய்வது? விடிகாலையில் தொழுவத்தில் பல் கிட்டிக்கொள்ளும் குளிரில் வாயைப் பிளந்துகொண்டு இலக்கணமா பேசுவது? பிரெஞ்சுக்காரர்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை என்று சொல்ல ருமேனியாவிலிருந்து ஆள் வரவேண்டியதாயிற்று. அந்த ஆளைக் கூப்பிட்டு வந்தவனும் நான்தான். யாரிடம் போய்ச் சொல்ல?

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். மூன்று வருஷமாக இங்கே டாக்டர் கிடையாது. விளம்பரம் கொடுத்தோம், வீடு தருகிறோம் என்றோம், ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களைத் தேடி நான் ருமேனியாவில் க்ளூஜ் வரைக்கும் வந்தேன். முதன்முதலாக விமானம் ஏறியது அன்றைக்குத்தான். அங்கே நீங்கள் வானொலியில் செய்தி வாசிப்பதுபோலப் பேசினீர்கள். அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

வாசலில் நான் சொன்னது சொந்த விஷயம். நீங்கள் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை, பயப்பட வேண்டாம். அதை எழுதிக் காட்டவேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் மூன்று வருஷம் தேடிப்பிடித்த டாக்டரை உச்சரிப்புக்காக இழக்க நான் தயாராக இல்லை. ஏற்பாடு செய்கிறேன்.

என் மதிப்பையும், அதில் இன்று கொஞ்சம் குறைந்துபோனதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

எ. லாப்ரூன்

•

வெர்லாக், நவம்பர் 5

மேயர் அவர்களுக்கு,

உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். பேக்கரிக் கதவில், தபால்பெட்டியின் மேல், தேவாலயத்தில், ஊராட்சி இதழின் முதல் பக்கத்தில், எங்கே திரும்பினாலும் அதுதான். 'டாக்டரிடம் பேசும்போது வாயிலிருந்து கையை எடுக்கவும். எந்தச் சொல்லையும் பாதியில் விடவேண்டாம். மறுப்பதற்கு இரண்டு துண்டும் அவசியம்.' படித்ததும் வெட்கத்தில் எனக்கு முகம் சிவந்துவிட்டது. யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள் என்று சண்டைக்கு வரத்தான் கோட்டை மாட்டினேன்.

அதற்குள் முதல் நோயாளி வந்துவிட்டார். 'வணக்கம் டாக்டர் அவர்களே. என் வலது முழங்காலில் வலி உள்ளது. இடது முழங்காலில் இல்லை' என்றார். ஒரு எழுத்து சிந்தவில்லை. இரண்டு துண்டும் இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சண்டையை ஒத்திவைக்கிறேன். நன்றி.

ரு. பவெலெஸ்கு

•

வெர்லாக், நவம்பர் 7

டாக்டர் அவர்களுக்கு,

நன்றிக்கு நன்றி. அது என்னைவிடப் பேக்கரிக்கார மிரேய்க்குத்தான் சேரவேண்டும். கிளினிக் போகும் வழியில் ஒருவரையும் விடாமல் பேக்கரிக்குள் இழுத்துப்போட்டு ஒத்திகை பார்க்கிறாள். நேற்று என் காதால் கேட்டேன்:

"எங்க, சொல்லு பாப்போம்."

"முதுகு புடிச்சிக்கிச்சு."

"இப்பிடிச் சொன்னா அந்தம்மா மூட்டை கட்டிக்கிட்டு ருமேனியாவுக்கே போயிடும். ஒழுங்காச் சொல்லு."

"என் முதுகில்... பிடிப்பு... ஏற்பட்டுள்ளது."

"ஆங். போ."

எங்கள் பிரெஞ்சு உள்ளே பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி. எடுத்துப் போட்டுக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜனவரி வரை காத்திருப்பானேன்?

எ. லாப்ரூன்

•

வெர்லாக், டிசம்பர் 3

மேயர் அவர்களுக்கு,

ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். காரணம் நீங்களே அறிவீர்கள், ஆனாலும் எழுதித் தீர்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் முழுக்க இந்த ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வருகிறார்கள். டை கட்டியிருக்கிறார்கள். மிதியடியில் காலைத் தேய் தேயென்று தேய்க்கிறார்கள். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்பதுபோல் நின்று, 'நான் மிகவும் நலமாக உள்ளேன் டாக்டர் அவர்களே, தாங்கள் நலமா?' என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் புரிகிறது. விஷயம்தான் ஒன்றும் இல்லை. திருத்தமான பிரெஞ்சில் ஒருவருக்கும் மூலம் கிடையாது, யாரும் குடிப்பதில்லை, யாரும் ராத்திரியில் அழுவதில்லை. எனக்கு முதல் வாரமே உறைத்திருக்கவேண்டும். புரிகிறதே என்ற சந்தோஷத்தில் கோட்டைவிட்டேன்.

பதினேழாம் தேதி ஃபிர்மேன் வந்தார். மேட்டுப் பண்ணைக்காரர், ஐம்பத்தெட்டு வயது. 'எனக்குச் சிறிதளவு சோர்வு உள்ளது. இது பருவநிலையின் காரணமாக இருக்கலாம்' என்றார். வலி உண்டா என்று கேட்டேன். 'குறிப்பிடத்தக்க அளவில் இல்லை' என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன். ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, சத்து மாத்திரையும் கொடுத்தேன். போகும்போது மிக அழகாக விடைபெற்றுக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து ஹெலிகாப்டர் வந்து அவரைத் தொழுவத்திலிருந்து தூக்கிக்கொண்டு போயிற்று. மாரடைப்பு.

நேற்று மிரேய் அழுதுகொண்டே சொன்னாள். அவளை மெதுவாகச் சொல்லவைத்து எழுதிக்கொண்டேன். என்னிடம் வந்த அதே காலையில், ரொட்டி வாங்கும்போது அவர் சொன்னாராம்: "நெஞ்சு மேல மாடு ஏறிக் குந்துன மாதிரி இருக்கு மிரேய். இந்தக் கைய தூக்கவே முடியல. என்ன எழவுன்னே தெரியல." வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். ஊரில் தெரியாத ஒரே ஆள் டாக்டர்.

உங்கள் அறிவிப்பு அவரைக் கொல்லப் பார்த்தது. நானும் கூட இருந்து கொல்லப் பார்த்தேன். ஜனவரி முடிந்ததும் நான் கிளம்புகிறேன்.

ருக்ஸாந்த்ரா பவெலெஸ்கு

•

வெர்லாக், டிசம்பர் 9

டாக்டர் அவர்களுக்கு,

ஆறு நாளாக உங்களுக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் முழுக்கத் திட்டுதான். புரியவில்லை என்று குதித்தது யார்? புரியும்படி பேசினோம், அதுவும் குற்றமா? இப்படிப் பக்கம் பக்கமாகப் போயிற்று. நீங்கள் படிக்காதவரை நல்லது.

நேற்று லிமோஷ் ஆஸ்பத்திரிக்குப் போய் ஃபிர்மேனைப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டான். உட்கார்ந்து சூப் குடிக்கிறான், உப்பு இல்லை என்று கத்துகிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டேவிட்டேன்:

"ஏன்டா, மிரேய்கிட்ட சொன்னத அந்தம்மாகிட்ட சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"எப்பிடிய்யா சொல்றது?"

"எப்பிடின்னா? சொன்னமாதிரி சொல்றது."

"மாடு குந்துன மாதிரின்றத நல்ல பாஷைல எப்பிடிய்யா சொல்றது? வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போனேன். 'சோர்வு' ஒண்ணுதான் ஆம்புட்டுச்சு. நீதானே போர்டு வச்ச?"

திரும்பி வந்து ஊரில் இருந்த அறிவிப்புகளையெல்லாம் என் கையாலேயே கிழித்தேன். தேவாலயத்தில் இருந்ததை மட்டும் பாதிரியார் ஏற்கெனவே கிழித்துவிட்டிருந்தார்.

போவதென்றால் போங்கள். தடுக்க எனக்கு முகம் இல்லை. ஜனவரி வரை இருக்கப்போவது உண்மையானால் ஒன்று மட்டும் கேட்கிறேன். கிளினிக்கில் உட்கார்ந்தபடி எங்களைப் புரிந்துகொள்ள முடியாது. சனிக்கிழமைகளில் பேக்கரிக்குப் போய் நில்லுங்கள். மிரேயிடம் சொல்லியிருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் நின்று ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். கடைக்காரியிடம் யாரும் இலக்கணம் பேசமாட்டார்கள்.

இதுவும் என் முட்டாள் யோசனைகளில் ஒன்று என்று தோன்றினால் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடுங்கள்.

எ. லாப்ரூன்

•

வெர்லாக், ஜனவரி 24

மேயர் அவர்களுக்கு,

எல்லாச் சனிக்கிழமையும் நின்றேன். கால் வலிக்கிறது, முடியெல்லாம் மாவு. முதல் நாள் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இவர்கள் 'ஆமாம்' என்பதைக்கூட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஆஸ்துமா என்று நினைத்து ஒரு பெண்ணை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் இரண்டு ரொட்டி போதும் என்று சொல்ல வந்தவள்.

மூன்றாம் வாரம் ஏதோ திறந்துகொண்டது. சொற்களைத் தேடுவதை விட்டேன், மூச்சையும் தோளையும் கேட்கத் தொடங்கினேன். எங்கே விழுங்குகிறார்களோ அங்கேதான் விஷயம் இருக்கிறது. இப்போது கிளினிக்கில், 'என்ன, எங்க புடிச்சிக்கிச்சு?' என்று நானே ஆரம்பிக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஐந்து நிமிஷம் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் எல்லாம் வருகிறது: மூலம், குடி, மாமியார், எல்லாம். காது வலிக்கிறது. இவ்வளவு நோயோடுதான் நவம்பரில் டை கட்டிக்கொண்டு வந்தார்களா?

உங்கள் யோசனை முட்டாள்தனமானது அல்ல. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இன்று காலை நடந்த ஒன்று மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது.

வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள். தலையைக் குனிந்து, கடைவாயால் பேசிக்கொண்டார்கள்.

"லாப்ரூன் துப்பாக்கிய மிரேய் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டாராம்ல?"

"ஆமா. 'என் வீட்ல இது வேணாம், நீ வச்சுக்க'ன்னாராம்."

"மாடு போனதுலேர்ந்து ஆளு ஆளாவே இல்ல."

"மெதுவா. டாக்டரம்மா நிக்கிறாங்க."

"அட, அவங்களுக்கு எங்க புரியப்போவுது."

புரிந்தது. ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. இந்த ஊரில் முதல்முறையாக, புரியாமலே போயிருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

கடையைப் பூட்டச் சொல்லி மிரேயைப் பிடித்தேன். செப்டம்பரில் உங்கள் மந்தையில் ஒரு மாட்டுக்குக் காசநோய் இருந்ததாம். உத்தரவு வந்து அத்தனையையும் கொல்வதற்காக ஒரே நாளில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்களாம். ஒவ்வொன்றுக்கும் நீங்கள் பெயர் வைத்திருந்தீர்களாம். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அவரே வந்து ஒங்ககிட்ட சொன்னாரே டாக்டரம்மா. அக்டோபர்ல. நீங்க சிரிச்சுக்கிட்டே 'நல்லது, நல்லது'ன்னீங்களாம்."

அதற்குப் பிறகு இந்த மூன்று மாதத்தில் நீங்கள் என்னிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் எழுதச் சொன்னேன். நீங்களும் நிம்மதியாக எழுதிக்கொண்டே இருந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம், என் மேல் அதைவிடக் கோபம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். வாருங்கள். எந்த நேரமானாலும் சரி. வந்து பேசுங்கள்.

ருக்ஸாந்த்ரா

•

வெர்லாக், ஜனவரி 26

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் அக்கறைக்கு நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். நான் நலமாக உள்ளேன். கால்நடைகள் தொடர்பான விவகாரம் சட்டப்படி நிறைவுற்றது. மேற்படி துப்பாக்கி பழுதுபார்ப்பதற்காகவே கொடுக்கப்பட்டுள்ளது. இது குறித்துப் பேக்கரியில் பேசப்படும் கருத்துகளைப் பொருட்படுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் இவ்வூர் மக்களைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது குறித்து மகிழ்ச்சி. திருத்திய ஒப்பந்தத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் கையெழுத்திட்டுவிட்டால் வெர்லாக்குக்கு டாக்டர் உறுதியாகிவிடுவார். அத்துடன் என் வேலையும் முடிந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள,
எவாரிஸ்த் லாப்ரூன்
மேயர்

•

வெர்லாக், ஜனவரி 26, மாலை

லாப்ரூன்,

ஒரு பிழை இல்லை. ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. ஃபிர்மேனும் இப்படித்தான் பேசினார்.

கையெழுத்துப் போடத்தான் பேனாவை எடுத்தேன். 'என் வேலையும் முடிந்துவிடும்' என்ற வரியைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டேன். போடமாட்டேன். நீங்கள் வந்து உட்கார்ந்து பேசுகிறவரை போடமாட்டேன். ஊருக்கு டாக்டர் இல்லாமல் போனால் போகட்டும், மறுபடி விமானம் ஏறி இன்னொருத்தியைத் தேடிப் பிடியுங்கள். உங்கள் வேலை முடியக்கூடாது.

மத்தியானம் உங்கள் வீட்டு மணியை இரண்டு முறை அடித்தேன். சமையலறையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. திறக்கவில்லை. சரி, இன்று இரவு மிரேயின் வீட்டுக்காரர் உங்கள் வீட்டில் வந்து படுப்பார். திட்டிப் பாருங்கள், போகமாட்டார். என்னிடம் சத்தியம் செய்திருக்கிறார்.

அக்டோபரில் எனக்குக் காது இல்லை. இப்போது இருக்கிறது. அதை இந்த ஊர்தான் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு முதலில் கேட்கவேண்டியது உங்களைத்தான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து எனக்கு இனி எழுதாதீர்கள். நீங்கள் எழுதினால் எனக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

ருக்ஸாந்த்ரா

•

(தேதி இல்லை)

டாக்டரம்மா

எழுதாதன்னீங்க. எழுதறேன். இதான் கடைசி. ரெண்டு தாள் கிழிச்சாச்சு, நல்லா எழுத வரல, அதனால வாயில வர்றத எழுதறேன். திருத்தம்லாம் பாக்காதீங்க.

அந்த ஆளு ராவெல்லாம் கொறட்ட விட்டான். எனக்குத் தூக்கம் இல்ல. அவன் வந்ததால இல்ல, செப்டம்பர்லேர்ந்தே இல்ல. விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு தொழுவத்துக்குப் போயிடறேன். அங்க ஒண்ணும் இல்ல. வெறுங்கொட்டாயி. போயி தண்ணித்தொட்டிய ரொப்பறேன். குடிக்க ஒண்ணும் இல்ல, ஆனாலும் ரொப்பறேன். சாயங்காலம் கவுத்து விட்டுட்டு மறுபடி ரொப்பறேன். பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சு என்ன.

துப்பாக்கி ரிப்பேர்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஒருநா கொட்டாயில ஒக்காந்து அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன். அப்பறம் மிரேய் வீட்டுக்கு எடுத்துக்கிட்டு ஓடுனேன். எனக்கு பயமா இருக்கு டாக்டரம்மா. என்னய நெனச்சே எனக்கு பயமா இருக்கு.

டாக்டர்னு ஒருத்தர் நெலச்சிட்டா இந்த ஊரு பொழச்சுக்கும், அப்பறம் நான் யாருக்கும் வேணாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். நீங்க கையெழுத்துப் போட மாட்டேன்னு மல்லுக்கு நிக்கறீங்க. என்னா பொம்பள நீங்க. கோவம் கோவமா வருது. ரொம்ப நாளு கழிச்சு இன்னிக்குத்தான் எனக்கு எதாவது வருது.

மீதிய எழுதத் தெரியல. இதக் கதவுக்கடியில தள்ளிட்டு இங்கேயேதான் நிக்கறேன். பனி கொட்டுது. எதிர்ல மிரேய் கண்ணாடி வழியா எட்டி எட்டிப் பாக்கறா.

ஒக்காந்து படிச்சுக்கிட்டு இருக்காதீங்க. கதவத் தொறங்க.